காலைப் பள்ளிக்கூடமும் ஓர் அவுன்ஸ் விளக்கெண்ணெயும்

முதலில் அச்சுக் கோக்கும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பழகியவன். மரத்தில் வெட்டுக்கோடு சரிவதைப் போலவே காகிதத்தில் என் வரிகளும் சரிந்துவிடுகின்றன. சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. எது பொருத்தமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்ற வாரம் நீங்கள் திருத்திப் போட்டதைப் படித்துவிட்டு, யாரோ படித்தவர் எழுதியிருக்கிறார் என்று நானே கொஞ்ச நேரம் மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

இந்த வாரம் எழுத உட்கார்ந்ததும் கண் முன்னே வருவது ஒரு மைதானம். கிள்ளானுக்கு உள்ளே தள்ளி, நான் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்து மைதானம். பகல் இரண்டு மணி வெயில். ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரிலிருந்து புளித்த வாடை வருகிறது. தோட்டமே கூடி நிற்கிறது. நடுவே நான் என் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்துபோகிறேன்.

எனக்கு வயிற்றில் ஒரு வலியும் இல்லை.

தூங்கும் பள்ளிக்கூடம்

அது எப்படி நடந்தது என்று சொல்ல, முதலில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடம் என்றால் நாலு கம்பம், மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. சுவர் கிடையாது. பாடம் பிற்பகலில்தான். விடியுமுன் பிள்ளைகள் அப்பன் ஆத்தாளோடு காட்டுக்கு வந்து, மரத்தில் கட்டிய மங்குகளில் ஒட்டிக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்கித் தகரத்தில் போடவேண்டும். பால் நிறுத்து முடித்து, கஞ்சி குடித்து, அதற்கப்புறம் படிப்பு.

வாத்தியார் என்று தனியாக யாரும் இல்லை. ஆபீசில் பேரேடு எழுதும் கிராணி ஐயாதான் சொல்லிக்கொடுப்பார். அவரும் நாலரை மணிக்கே எழுந்தவர். முதல் பாதியில் பிள்ளைகள் தூங்குவார்கள், அவர் எழுப்புவார். அடுத்த பாதியில் அவர் தூங்குவார். அவரை எழுப்ப யாரும் இல்லை.

என் மகள் பவுனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு வருடம் முழுக்கப் போனாள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து என் மனைவி செல்லாயி சிரித்துவிட்டாள். பலகையின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறாள். எழுதியிருந்த ‘அ’ அப்படியே கன்னத்தில் திரும்பிப் பதிந்திருந்தது.

“ஏங்க, புள்ள படிச்சது மூஞ்சியிலேயே தெரியுது பாருங்க,” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் முகத்தைக் கழுவிவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஒரு வருடத்தில் பவுனுக்குத் தெரிந்தது ஆறோ ஏழோ எழுத்து.

எனக்குக் கிடைத்த நாலு வகுப்பு

இந்த இடத்தில் என் படிப்பையும் சொல்லிவிடுகிறேன். நீளமாக இருக்காது.

என் அப்பா ரயில்வேயில் கட்டை போடும் வேலை. அப்போது நாங்கள் இங்கே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருந்தோம். ஒரு கொட்டகையில் ஒரு கிழவர் நாலு வகுப்புவரை சொல்லிக்கொடுத்தார். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்திவிடுவார். ரயில் போனதும் எங்கே விட்டோம் என்று எங்களையே கேட்பார். நாங்கள் எப்போதும் முடிந்துபோன பாடத்தைத்தான் சொல்வோம். அதனால் அந்த நாலு வகுப்பில் நான் படித்ததெல்லாம் நன்றாகப் படித்ததுதான்.

அப்போதும் ஆளுக்கொரு பேச்சு இருந்தது. இங்கிலீஷ் படித்தால் கிராணியாகலாம், தமிழ் படித்தால் கடுதாசி படிக்கலாம், எதுவும் படிக்காவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று அப்பாவின் கூட்டாளி ஒருவர் சொல்வார். அப்பா இறந்ததும் நான் மூன்றாவது வழியில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நிம்மதியைத்தான் காணோம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்திருந்தது. நான் அந்த நாலு வகுப்பையும் காலையில் படித்தேன். விழித்துக்கொண்டு படித்தேன்.

குழாயடி மாநாடு

ஒரு நாள் கிராணி ஐயா எல்லோரிடமும் ஒரு செய்தி சொன்னார். கோலாலம்பூரிலிருந்து பள்ளிக்கூட விஷயம் பார்க்கும் ஒரு துரை வரப்போகிறார். பள்ளிக்கூடத்தைக் காலைக்கு மாற்றலாமா, இப்போது இருப்பதுபோல் பிற்பகலிலேயே இருக்கட்டுமா என்று பெற்றவர்களையே கேட்கப்போகிறார். அதிகம் பேர் காலை என்று சொன்னால் தோட்டம் ஒரு முழு நேர வாத்தியாரை வைக்கவேண்டும். பிள்ளைகள் காலையில் காட்டுக்கு வரவேண்டாம். வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. மறுபடி எப்போது கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“பவுனு பத்து வயசு ஆயிட்டா அப்புறம் வெட்டுக்கத்திதான்,” என்றாள் செல்லாயி.

அந்த வாரம் முழுக்கக் குழாயடியில் இதே பேச்சு. கல்வியைப் பற்றி இவ்வளவு பேருக்கு இவ்வளவு அபிப்பிராயம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

“காலையிலே புள்ள பள்ளிக்கூடம் போயிட்டா ஒட்டுப்பாலு யாரு பொறுக்குறது? தொரை பொண்டாட்டியா?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மூக்கம்மா. எல்லோருக்கும் சத்தமான குரல் அவளுடையதுதான். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

“பொட்டப்புள்ளைக்கு எழுத்து எதுக்கு? பால்மரத்துக்குக் கடுதாசி போடவா?” என்றார் இன்னொருவர்.

எங்கள் வேலைக் கும்பலுக்குத் தலைவர் முனியாண்டிக் கங்காணி. தோட்டத்திலேயே பெரிய கங்காணி அவர்தான். பெரிய மீசை, பெரிய குடை. மழைக்கும் வெயிலுக்கும் அல்ல, கைகாட்டிப் பேசுவதற்கே அந்தக் குடை.

“படிச்சவன் எம் பேச்சைக் கேக்கமாட்டான்,” என்று அவர் சொன்னார். “படிக்காதவனும் கேக்குறதில்ல. இதுக்கு எதுக்கு ஒரு வாத்தியாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் காலைப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு எப்போதுமே வாய் வராது. செல்லாயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் என் காலை மிதித்துவிட்டுப் போனாள்.

தண்டவாளம் செய்த வேலை

துரை மோட்டாரில் வந்தார். ஒல்லியானவர், கழுத்தெல்லாம் வேர்க்குரு. கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் பேசிய தமிழ் எழுந்து நின்று கேட்கவேண்டிய தமிழ்.

“காலையில் பாடசாலை வேண்டுவோர் எல்லோரும் ஸ்டோர்ச் சுவரின் பக்கம் செல்லுங்கள். பிற்பகலே போதும் என்போர் எல்லோரும் அந்த மரத்தின் பக்கம் செல்லுங்கள். பெண்களும் தங்கள் விருப்பப்படி நிற்கலாம். யாரும் யாருக்கும் அஞ்சவேண்டாம்.”

எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. கூட்டம் மெல்ல அசையத் தொடங்கியது. இரண்டு மூன்று பேர் ஸ்டோர்ப் பக்கம் திரும்பக்கூடச் செய்தார்கள்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்துத் துரைக்கு, காரியம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்று தோன்றியது. ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்கச் சொன்னார்.

டங், டங், டங்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன என்று நான் சொல்லவேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தினமும் விடியுமுன் ஆள் கணக்கு எடுக்க எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நிற்பதற்குப் பெயர் பெரட்டு. அதற்கு அழைக்கும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் மூளைக்கு வேலையில்லை. கால் தானாகப் போய், அவரவர் கங்காணிக்குப் பின்னால், அவரவர் இடத்தில் நின்றுவிடும். காய்ச்சலில் படுத்திருந்தவன் எழுந்து நின்று, பெயரைக் கூப்பிட்டதும் ‘ஐயா’ என்று சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கும் அதேதான். நாங்கள் கண் மூடித் திறப்பதற்குள் பெரட்டில் நின்றோம்.

முனியாண்டிக் கங்காணியின் இடம் எப்போதும் மரத்தடிதான். அவருக்குப் பின்னால் எங்கள் கும்பல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கும்பல். இரண்டும் குடும்பக்காரர்கள். ஸ்டோர்ச் சுவரோரம் தினமும் நிற்பது தனியாட்களின் கும்பல். கல்யாணம் ஆகாதவர்களும், பெண்டாட்டியை ஊரில் விட்டு வந்தவர்களும். தோட்டத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாத கும்பல்.

கோலாலம்பூர்த் துரை கைத்தடியை நீட்டி எண்ணினார். அவர் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் தனியாட்களின் பக்கம் போனார்.

“உங்களில் எத்தனை பேருக்குப் பிள்ளைகள்?”

“இங்க யாருக்கும் இல்லீங்க,” என்றான் கோவிந்தன் என்பவன். என் கூட்டாளிதான். வாயாடி.

“பிறகு எதற்குக் காலைப் பாடசாலை கேட்கிறீர்கள்?”

கோவிந்தன் விடவில்லை. “பொறக்கப்போற புள்ளைங்களுக்குங்க. இப்பவே சொல்லி வச்சாத்தானே?”

அவன் கும்பல் ஓவென்று சிரித்தது. துரை குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், பிள்ளை பெற்றவர்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதுகுக்குப் பின்னால்

பின் வரிசையிலிருந்து செல்லாயி மெதுவாகக் கேட்டாள். “ஏங்க, நாம நிக்கிறது எந்தப் பக்கம்னு தெரியுதா?”

“தெரியுது.”

“அப்புறம் என்ன?”

“கங்காணி முன்னால நிக்கிறாரே.”

“அவரு முதுகா புள்ளயப் படிக்கவைக்கப் போவுது?”

கங்காணிக்குப் பின்னாலிருந்து விலகி எதிர்ப்பக்கம் போவது என்பது சும்மா நடப்பது இல்லை. நாளைக்கு எந்த மரம் எனக்கு, எந்த மேடு எனக்கு என்று சொல்பவர் அவர். அதைவிட, தோட்டமே பார்க்க நான் ஒருவன் மைதானத்தைக் கடக்கவேண்டும்.

அந்தச் சமயம் பள்ளிக்கூடக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். பிள்ளைகளை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். பாதிப் பேர் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பவுனு கம்பத்தில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவளைப் பற்றித்தான் ஊரே கூடி முடிவு செய்கிறது. அவளுக்குத் தெரியவே தெரியாது.

பெரட்டில் கும்பலை விட்டு விலக ஒரே ஒரு வழிதான் உண்டு. உடம்பு சரியில்லாதவர்கள் கங்காணியிடம் சொல்லிவிட்டு, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மேசைக்குப் போகலாம். அதற்கு எந்தக் கங்காணியும் மறுக்கமுடியாது. அந்த மேசை இருந்தது ஸ்டோர்ச் சுவரோரத்தில்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“கங்காணி… வயிறு.”

அவர் திரும்பிப் பார்த்தார். “இப்பவா?”

“ஆமாங்க.”

“வேலதான் முடிஞ்சுபோச்சேடா! இப்ப எதுக்குடா ஒனக்கு வயித்துவலி?”

நியாயமான கேள்வி. வேலை முடிந்த பிறகு அந்தத் தோட்டத்தில் யாருக்கும் வயிறு வலித்ததில்லை. நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அப்படியே நடக்க ஆரம்பித்தேன். அந்த மைதானம் அன்றைக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பாதி வழியில் பின்னால் செல்லாயியின் குரல். “எனக்குந்தாங்க கங்காணி. ஒரே சோத்தத்தான் தின்னோம்.”

நாங்கள் இருவரும் சுவரோரம் போய் நின்றோம். துரை எங்களைப் பார்த்தார். எங்கள் தோட்டத்துத் துரையும் பார்த்தார். நான் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது மரத்தடியிலிருந்து மூக்கம்மாவின் குரல் கேட்டது. குழாயடியில் கேட்ட அதே பெரிய குரல்.

“எனக்குத் தலவலி கங்காணி! தலவலிக்கும் அங்கதான?”

அவர் பதில் சொல்லுமுன் அவள் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன், முழங்கால் வலியோடு. அதற்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை. இடுப்புவலி, பல்வலி, காதுக்குத்தல். பால்மரத்துக்குக் கடுதாசி போடவா என்று கேட்டாரே, அவர் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். பாதி வழியில் மறந்துபோய் மற்றக் காலை இழுத்தார்.

கடைசியில் மரத்தடியில் முனியாண்டிக் கங்காணியும் அவர் குடையும் இன்னும் சிலரும் மட்டும்தான் மிச்சம்.

“என்னடா இது,” என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். “தோட்டமே ஒரு நாளிலே சீக்கா விழுந்துபோச்சு.”

துரைகள் இருவரும் பேசியது

எங்கள் துரையின் முகம் வெளுத்துவிட்டது. வாந்திபேதி என்று நினைத்தாராம். டிரஸ்ஸர் ஓடிவந்து என் நாடியைப் பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னையே ஒரு மாதிரி பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கிராணி ஐயாதான் துரைகளிடம் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டபோது சொன்னார்:

“ஒண்ணும் பெரிசா சொல்லலப்பா. இந்தத் தோட்டத்துல கங்காணிகிட்ட முடியாதுன்னு சொல்றதுக்கு இவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷ இதுதான்னு சொன்னேன்.”

கோலாலம்பூர்த் துரை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

ஆனால் எங்கள் துரையும் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. டிரஸ்ஸர் மேசைக்கு வந்தவர்கள் நோயாளிகள், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கவேண்டும், அதுதான் தோட்டத்துச் சட்டம் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு ஓர் அவுன்ஸ் விளக்கெண்ணெய்.

பல்வலிக்கும் விளக்கெண்ணெய், காதுக்குத்தலுக்கும் விளக்கெண்ணெய். வரிசையில் நின்று ஒரே பீங்கான் கோப்பையில் குடித்தோம். பக்கத்தில் முனியாண்டிக் கங்காணி குடையை ஊன்றி நின்று, ஒவ்வொருவரும் சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறோமா என்று பார்த்துக்கொண்டார். என் முறை வந்தது.

“மாரிமுத்து, நெசமாவே வயித்துவலியாடா?”

“ஆமாங்க கங்காணி.”

“அப்ப நல்லாக் குடி.” கோப்பையை அவரே வாங்கி என்னிடம் நீட்டினார். “நானும் நாப்பது வருசமா பெரட்டுல நிக்கிறேன். எனக்கு ஒரு நாளும் தோணலியேடா இது.”

வலி ஒன்றும் இல்லாமல் நின்ற தனியாட்களின் கும்பலுக்கு எண்ணெய் இல்லை. கோவிந்தன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டுக்கு எங்கள் கும்பலில் பாதிப் பேர் வரமுடியவில்லை. அது மட்டும் உண்மையான காரணத்துக்காக.

மறுபடி குழாயடி

மழைக்காலம் முடியும் சமயத்தில் வாத்தியார் வந்தார். காலைப் பள்ளிக்கூடம் தொடங்கியது.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றே வாரத்தில் குழாயடியில் மறுபடி மாநாடு. ஒட்டுப்பால் பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு ஒடிகிறது என்றாள் மூக்கம்மா. யார் இந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்டது என்றும் கேட்டாள். ஆனால் அவள் மூன்று பிள்ளைகளும் ஒரு நாளும் தவறவில்லை. மூன்றாம் நாள் முதல் முனியாண்டிக் கங்காணியின் பேத்தியும் வந்தாள். குடையைப் பிடித்து அவரே கொண்டுவந்து விட்டார்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ராவுத்தர் தேநீர்க் கடையிலும் இதே கதைதான். தமிழ்ப் பள்ளிக்கூடமா, இங்கிலீஷ்ப் பள்ளிக்கூடமா, சம்பளம் கட்டவேண்டுமா கூடாதா என்று பத்திரிகையை மேசையில் தட்டித் தட்டிப் பேசுகிறார்கள். நான் மூலையில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பேன். “அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?” என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் வாய் வராது. வாயால் சொல்வது ஒன்று, காலால் நடந்துபோய்ச் சொல்வது வேறு என்று எனக்குத் தோன்றும். அதையும் சொல்லமாட்டேன்.

முதல் நாள்

காலைப் பள்ளிக்கூடத்தின் முதல் நாளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் இருவர் மட்டும் காட்டுக்குப் போனோம். தகரம் கனத்தது. பால் வாளியைத் தோளில் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு நான் ஸ்டோருக்கு வந்தபோது கொட்டகைப் பக்கமாக வந்தேன். அது நேர் வழி இல்லை.

பிள்ளைகள் கத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள். பவுனு முன் வரிசையில் இருந்தாள். தலையை வாரி முடிந்திருந்தாள். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. அந்த நேரத்தில், வெளிச்சத்தில், அவள் அப்படி முழித்திருந்து நான் பார்த்ததே இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

மத்தியானம் வீட்டில் அவள் கஞ்சியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஏதோ கேட்கவேண்டும், கேட்கப் பயம். அதில் மட்டும் என்னைக் கொண்டு பிறந்தவள். நான் வெற்றிலையை மடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அப்பா, நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டா?”

தாது வருடம், தை மாதம்,
பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை.